ஏகாம்பரம் அண்ணாவுக்கு மரியாதை

இல்லக்கா, நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், நான் எப்படியும் சாய மாட்டேன். அந்தப் பைய இப்படிக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். உள்ள என்ன, கண்ணாடி வளையலா? தங்கச்சிக்கு வளைகாப்பா? இன்னிக்கா! கிருஷ்ணகிரியிலயா? ஐயோ, சூப்பர்க்கா. குடுங்க குடுங்க, ஒண்ணு கூட ஒடையாது. நீங்க நிம்மதியா தூங்குங்க. ரெண்டு நாளா பலகாரம் சுட்டிருப்பீங்க, கண்ணப் பாத்தாலே தெரியுது. கிருஷ்ணகிரி வந்ததும் நானே எழுப்பறேன். நான் பாத்துக்கறேன்.

நானா? பெங்களூர் போறேன். பட்டாளத்துல ஆபிசர் வேலைக்கு இன்டர்வியூ. அஞ்சு நாள் வச்சு செய்வாங்களாம். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கு பாருங்க, வெள்ள பெயிண்ட்ல ஏகாம்பரம்னு பேர் எழுதி? அது நான் கொண்டு வந்ததுதான். என் பேரு நிரோஷா. பெட்டிதான் ஏகாம்பரம் அண்ணாவோடது. அதுலதான் கதையே இருக்கு.

தூக்கம் வருதா? ஒரு அஞ்சு நிமிஷம்க்கா, ப்ளீஸ். இன்டர்வியூல கேட்பாங்களாம், "நீ முன்ன நின்னு ஒருத்தருக்கு உதவி பண்ண சம்பவம் ஒண்ணு சொல்லு"ன்னு. நான் இததான் சொல்லப் போறேன். யார்கிட்டயாவது ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டா அங்க போய் திக்க மாட்டேன். நீங்க கண்ண மூடிக்கிட்டே கேளுங்க, போதும்.

எங்க காலேஜ் என்.சி.சி.ல நான்தான் சீனியர் அண்டர் ஆபிசர். பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் மேல. நான் நில்லுன்னா நிப்பாங்க, ஓடுன்னா ஓடுவாங்க. வீட்ல எங்கம்மா மட்டும் "இந்தத் தட்ட மொதல்ல கழுவு ஆபிசர்"ம்பாங்க, அது வேற.

போன ஜூன்ல காலேஜ் தொறந்த அன்னிக்கு, ஃபர்ஸ்ட் இயர் கணக்கு க்ளாஸ்ல ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். முப்பத்தாறு வயசு இருக்கும். முழுக்கை சட்ட, மடிப்புல விரல் வச்சா அறுத்துடும், அப்படி ஒரு இஸ்திரி. ஒட்ட வெட்டின முடி. ரெண்டாவது பெஞ்சுல, முன்னாடி புது ஜாமெட்ரி பாக்ஸ். ஜாமெட்ரி பாக்ஸ்க்கா! டிகிரி க்ளாஸுக்கு! கோமதி மேடம்தான் கணக்குக்கு ஹெச்.ஓ.டி., ரொம்ப ஸ்ட்ரிக்ட். அவங்க உள்ள வந்து இவரப் பாத்துட்டு, "பேரண்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் வெளிய நில்லுங்க"ன்னுட்டாங்க. இவர் எழுந்து நின்னு, "மேடம், நான் ஸ்டூடண்ட்"ன்னாராம். க்ளாஸே சிரிச்சுடுச்சு. அவரும் சிரிச்சுட்டு உக்காந்துட்டாராம்.

இத எனக்கு வந்து சொன்னது ரிஸ்வான். ரெண்டாம் வருஷம், என்.சி.சி.ல எனக்கு ரைட் ஹேண்ட். "அக்கா, அவரு எக்ஸ் மிலிட்டரி. பதினேழு வருஷம் சர்வீஸ். ப்ளஸ் டூ முடிச்ச உடனே போனவரு, இப்பதான் வந்து படிக்கறாரு. பி.எஸ்சி., பி.எட். முடிச்சு ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் ஆகணுமாம்"ன்னான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சுக்கா. நம்ம காலேஜ்ல, நம்ம பக்கத்து பில்டிங்ல, ஒரு வீரர்! அங்கிள்னு கூப்பிட்டு கிண்டல் பண்றாங்களாம்! விட்டுடுவேனா?

அன்னிக்கே ரிஸ்வான அனுப்பினேன். யூனிஃபார்ம்ல போய் க்ளாஸ் வாசல்ல வெறப்பா நின்னு, "அண்டர் ஆபிசர் கூப்பிடறாங்க"ன்னு சொல்லியிருக்கான். சொன்னதுதான் தாமதம், அண்ணா பேனாவ மூடிட்டு மேடம்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டு விறுவிறுன்னு வந்துட்டார். காரணம் கூட கேக்கலக்கா. என்ன ஒரு டிசிப்ளின்! பதினேழு வருஷ பழக்கம், கூப்பிட்டா வந்துடணும். நம்ம பசங்கள டீ வாங்கிட்டு வான்னா கூட "ஏன் நானு?"ம்பான்.

வந்து நிக்கறார். "சொல்லுங்க மேடம்." என்ன, மேடம்! எனக்கு இருபது வயசு. "ஐயோ அண்ணா, நிரோஷான்னு கூப்பிடுங்க. நீங்க எந்த பார்டர்ல இருந்தீங்க?" "லடாக் பக்கம்தான்மா ரொம்ப நாளு." "சண்டையெல்லாம்?" "நான் டிரைவர்மா. சப்ளை வண்டி. அரிசி, மண்ணெண்ண, காய்கறி, முட்ட." "முட்டையா?" "ஆமா. அந்த ரோட்ல முட்டைய ஒடையாம மேல ஏத்தறதுதான் பெரிய வேல." சொல்லிட்டு சிரிக்கறார். பெரிய மனுஷங்க இப்படித்தான்க்கா, நடந்தத வெளிய சொல்ல மாட்டாங்க. நான் புரிஞ்சுகிட்டேன். அப்புறம், "நான் போலாமாம்மா? மேடம் லிமிட் பாடம் ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்கூல்ல படிச்சது சுத்தமா மறந்துபோச்சு, ஆரம்பத்துல விட்டா எனக்குப் புடிபடாது"ன்னார். "போங்கண்ணா, இனிமே உங்களுக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன்"ன்னேன்.

ஆம்பூர் வந்துடுச்சு. வாசன வருது பாருங்க, காலங்காத்தாலயே பிரியாணி. சாப்பிடறீங்களா? இல்ல, வளைகாப்பு வீட்டுக்கு வயித்த காலியா வச்சுட்டுதான் போகணும், கரெக்ட்.

அந்த வாரமே ஒரு குழு ஆரம்பிச்சேன். முன்னாள் படைவீரர் மாணவர் நலக் குழு. தலைவர் நான், செயலாளர் ரிஸ்வான். உறுப்பினர் ஏகாம்பரம் அண்ணா. இல்லக்கா, காலேஜ்ல எக்ஸ் மிலிட்டரி அவர் ஒருத்தர்தான். அதனால என்ன, நாலு பேர் வந்தப்புறம் ஆரம்பிக்கணும்னா எதையும் ஆரம்பிக்க முடியாது. செமினார் ஹால் வாரத்துக்கு ரெண்டு நாள் காலைல ரெண்டாவது பீரியட்லதான் காலி. அப்ப கூட்டம் போடுவோம். அவர் இல்லாம அவருக்கு என்ன பண்ணணும்னு எப்படிப் பேசறது? ரிஸ்வான் போய் வாசல்ல நிப்பான், அவர் வந்துடுவார். முதல் கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டேன், "அண்ணா, இந்தக் கல்லூரி உங்களுக்கு என்ன செய்யணும்னு எதிர்பாக்கறீங்க?" அவரும் எழுந்து நின்னார். "ஒண்ணும் வேணாம்மா. க்ளாஸுக்குப் போனா போதும்"ன்னார். எல்லாரும் கை தட்டினோம்க்கா. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. அந்த வார்த்தைய போஸ்டரா அடிச்சு நோட்டீஸ் போர்ட்ல ஒட்டினேன். அத டிசைன் பண்றதுக்கு போட்டோ வேணும்ல, அதுக்கு ஒரு மத்தியானம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனோம்.

ஜூலையில கார்கில் நாள். அவரத்தான் சிறப்பு விருந்தினரா போட்டேன். "எல்லைச் சிங்கம்"னு பேனர். மேடையில மைக்கக் குடுத்தா, "கார்கில் சண்ட நடந்தப்ப நான் ஆறாங்கிளாஸ் படிச்சுட்டு இருந்தேன்"னு ஆரம்பிக்கறார்! நான் பின்னாடி இருந்து, "அண்ணா, உணர்ச்சியா பேசுங்க, உணர்ச்சியா"ங்கறேன். அவர் உணர்ச்சியா முட்டைய எப்படி வைக்கோல்ல அடுக்குறதுன்னு பத்து நிமிஷம் பேசினார். பசங்க விசில் அடிச்சாங்க. பொன்னாட போட்டோம்.

அப்புறம் சுதந்திர தினப் பரேடு. எங்க பசங்க கால் தூக்கறதப் பாத்தா வயல்ல சேறு மிதிக்கற மாதிரி இருக்கும். அண்ணாதான் சொல்லித் தரணும்னு கேட்டேன். "எத்தன நாள்மா?" "பரேடு முடியற வரைக்கும்தாண்ணா. காலைல ரெண்டு பீரியடு." கையில இருந்த நோட்டப் பாத்தார். "அட்டெண்டன்ஸ்?"னு கேட்டார். "அண்ணா! எங்க கூட இருக்கறப்ப அட்டெண்டன்ஸப் பத்தி நீங்க கவலப்படலாமா? ஓ.டி. இருக்கு, நான் பாத்துக்கறேன்"ன்னேன். ஓ.டி.ன்னா, காலேஜ் வேலையா வெளிய இருந்தா க்ளாஸ்ல இருந்த மாதிரியே அட்டெண்டன்ஸ் போட்டுக் குடுப்பாங்க. என்.சி.சி. பசங்களுக்கு பரேடு, கேம்ப், எல்லாத்துக்கும் உண்டு. மூணு வருஷமா நான் அதுலதான் ஓடிட்டு இருக்கேன்.

அவர் ஒடனே வெறப்பா நின்னு "சரிம்மா"ன்னுட்டார். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு எங்க பரேடப் பாத்து கலெக்டர் ஆபிஸ்ல இருந்து வந்தவங்களே அசந்துட்டாங்க. அதுக்கும் பொன்னாட. நான் நேரா அவர் வீட்டுக்கே போய் அண்ணிகிட்ட குடுத்தேன். அண்ணி துணி தைக்கறவங்க. "இன்னாம்மா, இன்னொண்ணா? போன தடவ வந்தத ஜன்னலுக்கு ஸ்க்ரீனா தச்சு மாட்டிட்டேன்"ங்கறாங்க! பாத்தா நிஜமாவே ஜரிக பார்டரோட மாட்டியிருக்கு, வீடே ராஜா வீடு மாதிரி ஜொலிக்குது. "இவர காலேஜுக்கு அனுப்பிச்சேனா, கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிச்சேனான்னே தெர்லம்மா"ன்னாங்க. அவங்களுக்கு அவ்ளோ பெரும!

உள்ள அண்ணா தரையில உக்காந்து கணக்கு போட்டுட்டு இருந்தார். பக்கத்துல யாரோ க்ளாஸ் பொண்ணோட நோட்டு, ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கார். "அண்ணா, பாருங்க, நோட்டு கிடைச்சுடுதுல்ல? அப்புறம் என்ன!"ன்னேன். "நோட்டு கிடைக்குதும்மா. அந்த வரிக்கு அடுத்து இந்த வரி ஏன் வருதுன்னு நோட்ல இல்ல"ன்னார்.

கண்ண தொறந்துட்டீங்க! கேட்டுட்டுதான் இருக்கீங்களா? நான் தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன். இது வாணியம்பாடிக்கா. இன்னும் நேரம் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், அக்டோபர். பரீட்சைக்கு முன்னாடி அட்டெண்டன்ஸ் லிஸ்ட் ஒட்டினாங்க. எழுபத்தஞ்சு பர்சன்ட் இருந்தாதான் ஹால் டிக்கெட். அண்ணாவுக்கு அம்பத்தெட்டு! நான் கொதிச்சுப்போய் கோமதி மேடம் ரூமுக்குப் போயிட்டேன். "மேடம், என்ன அநியாயம் இது? அவருக்கு ஓ.டி. சேக்கலயா?" அவங்க கண்ணாடிய கழட்டினாங்க. "ஓ.டி. யாருக்கு?" "என்.சி.சி.க்கு." "அவர் என்.சி.சி.யா?"

நான் என்ன சொல்வேன்? "மேடம், அவர் நிஜ ஆர்மி! நாங்கல்லாம் அதுக்கு வேஷம் போடறவங்க!" "அதெல்லாம் சரிம்மா. உன் என்.சி.சி.ல அவர் பேர் பதிஞ்சிருக்கா?" "முப்பத்தாறு வயசுல எப்படி மேடம் பதிவாங்க?" "அப்ப ஓ.டி. எப்படி வரும்?" அக்கா, பாருங்களேன். சும்மா கிரவுண்ட்ல கைய ஆட்டினவனுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் உண்டு, அவனுக்கு சொல்லிக் குடுத்தவருக்கு இல்லையாம். என்ன சிஸ்டம்க்கா இது! அந்த மேடத்துக்கு மிலிட்டரின்னாலே புடிக்காது போல. "நீ கூப்பிட்டு அனுப்பறப்ப எல்லாம் அந்த மனுஷன் போர்டையே பாத்துகிட்டு பின்பக்கமா நடந்து போவார்மா. என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஸ்டூடண்ட நான் பாத்ததில்ல"ன்னாங்க. இத எதுக்கு எங்கிட்ட சொன்னாங்கன்னே புரியல.

அம்பத்தெட்டுன்னா டாக்டர் சர்டிபிகேட் குடுத்து சமாளிக்கலாம். எங்க சித்தப்பா கிளினிக்ல சொல்லி ஒரு மஞ்சக்காமால ரெடி பண்ணேன். அண்ணா வாங்கிப் பாத்தார். "யாருக்கும்மா மஞ்சக்காமால?" "உங்களுக்குத்தாண்ணா." "எனக்கு காய்ச்சலே வரலயே." "வந்த மாதிரி." அவர் அத அழகா நாலா மடிச்சு என் கையிலயே குடுத்துட்டார். "பதினேழு வருஷத்துல ஒரு நாள் பொய்யா படுத்ததில்லம்மா. வேணாம், விட்டுடு"ன்னார். விட்டுடறதா! நானா!

அடுத்த நாள் என்ன பண்ணேன் தெரியுமா? என்.சி.சி. மொத்தத்தையும் இறக்கிட்டேன். அம்பது பேர், ஃபுல் யூனிஃபார்ம், பிரின்சிபால் ரூம் வாசல்ல மூணு வரிசையா நின்னோம். "வீரருக்கு நீதி வேண்டும்! ஹால் டிக்கெட் வேண்டும்!" காரிடாரே அதிருது. கதவத் தொறந்துட்டு வந்தது யாரு? கோமதி மேடம்! உள்ள பிரின்சிபாலோட பேசிட்டு இருந்திருக்காங்க. கையில ஏதோ பேப்பர். அண்ணாவுக்காக யூனிவர்சிட்டிக்கு ஸ்பெஷலா எழுதி அனுப்பறதுக்கு பிரின்சிபால் கையெழுத்து போடப்போற நேரமாம், அப்புறம்தான் சொன்னாங்க. பின்னாடியே பிரின்சிபால் வந்தார், மூஞ்சி செவந்துபோய். "என்ன இது, யூனிஃபார்ம் போட்டு மிரட்டறீங்களா? இப்ப நான் கையெழுத்து போட்டா, மிரட்டி வாங்கினதா ஆயிடும். முடியாது, போங்க." மேடம் என்னை ஒரு பார்வ பாத்தாங்க. எதிர்பாத்திருக்க மாட்டாங்க, அம்பது பேர் வருவாங்கன்னு!

நான் விடல. "நகர மாட்டோம்!"னேன். பசங்களும் "நகர மாட்டோம்!" அப்பத்தான் படிக்கட்டுல அண்ணா வந்தார். அதே இஸ்திரி சட்ட, கையில ஜாமெட்ரி பாக்ஸ். வந்தார், எங்க முன்னாடி நின்னார். யாரையும் திட்டல. அடிவயித்துல இருந்து ஒரே ஒரு குரல், "விசர்ஜன்!"

பரேடு முடிஞ்சு கலைஞ்சு போகச் சொல்ற ஆர்டர்க்கா அது. அம்பது பேரும் டக்குன்னு வலப்பக்கம் திரும்பி, கால அடிச்சு, கலைஞ்சுட்டாங்க. எங்கிட்ட ஒருத்தன் கூட கேக்கல. என் காலும்க்கா! நான் சொல்லாமலே என் காலு திரும்பிடுச்சு. நாலு அடி போனப்புறம்தான், "ஐயோ, நான்தான தலைவி"ன்னு ஞாபகம் வந்தது. திரும்பிப் பாத்தா அண்ணா பிரின்சிபால்கிட்ட, "சின்னப் பசங்க சார், மன்னிச்சுக்கோங்க"ங்கறார். என்ன கமாண்ட் பாருங்க!

என்னக்கா? பரீட்சையா? எழுதலக்கா. ஹால் டிக்கெட் தரல. முதல் செமஸ்டரே போனா அந்த வருஷமே போச்சு. மறுபடி வர்ற ஜூன்ல புதுப் பசங்களோட முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆனா அவர் சும்மா இல்ல, ஸ்கூல் வேன் ஓட்டறார். எந்த ஸ்கூல்னு நெனக்கறீங்க? அவர் கணக்கு வாத்தியாரா போகணும்னு ஆசப்பட்டாரே, அதே ஸ்கூல்! எப்படியோ உள்ள போயிட்டார்ல! நான் கூட அவர்கிட்ட சொன்னேன், "பாருங்கண்ணா, கடவுள் ஒரு வழி காட்டறார்"னு. அவர் வேன் கண்ணாடிய தொடச்சிட்டு இருந்தார், "ம்"ன்னார்.

பர்கூரா இது? ஆமா, பர்கூர்தான். அடுத்ததுதான் கிருஷ்ணகிரி, நீங்க எழுந்துக்காதீங்க, பை என்கிட்டதான இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க. கண்டக்டர் கத்துவார். நானும் பாத்துட்டுதான் இருக்கேன்.

பெட்டி கதைய சொல்லலயே! இன்டர்வியூ வந்திருக்குன்னு சொல்ல நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணா உள்ள போய் இந்தப் பெட்டிய தூக்கிட்டு வந்தார். பதினேழு வருஷம் அவரோட சுத்தின பெட்டி. "எடுத்துக்கம்மா. பூட்டு கொஞ்சம் மொரண்டு புடிக்கும்"ன்னார். நான் அழுதுட்டேன். "திருப்பிக் கொண்டு வந்து குடுத்துடறேண்ணா"ன்னேன். "வேணாம், வேணாம், நீயே வச்சுக்க. தூரமா நல்ல போஸ்டிங்கா கிடைக்கட்டும்"னு சொன்னார். எவ்ளோ பாசம் பாருங்க! வாசல் வரைக்கும் வந்தார். அண்ணியும் வந்தாங்க, வாசலுக்கு மாட்டின பொன்னாட ஸ்க்ரீனப் புடிச்சுட்டு நின்னாங்க. அப்ப அண்ணா மெதுவா, "நிரோஷா, ஒரே ஒரு உதவி செய்வியா?"ன்னார். "உயிரையே குடுப்பேண்ணா." "ஜூன்ல நான் திரும்ப காலேஜுக்கு வரேன். அப்ப வாசல்ல வந்து நின்னு யாரும் என்னைக் கூப்பிட வேணாம்னு உன் பசங்ககிட்ட சொல்லிட்டுப் போ. கூப்பிட்டா என்னால உக்காந்திருக்க முடியாதும்மா. எழுந்துடுவேன்."

எப்படிக்கா ஒரு மனுஷனுக்கு இவ்ளோ அடக்கம்! எனக்கு பஸ் ஏறற வரைக்கும் அதே நெனப்பு. கூப்பிடக் கூடாதுன்னுட்டார், அதனால கூப்பிட மாட்டோம். நாங்களே போயிடுவோம்! ஐடியா எப்படி? ஜூன்ல முதல் நாள், முதல் பீரியடு, க்ளாஸ் வாசல்ல ரெண்டு பக்கமும் பசங்க, நடுவுல அண்ணா நடந்து வர்றார், சல்யூட்! அப்படியே உள்ள போய் புதுப் பசங்க முன்னாடி ஒரு அறிமுகம், ஒரு சின்ன உரை. இந்த தடவ பொன்னாட இல்ல, கேடயம். அப்ப எவனாவது அங்கிள்னு கூப்பிடுவானா? எனக்குப் படிப்பு முடிஞ்சுடுச்சு, நான் இல்லன்னா என்ன, அடுத்து ரிஸ்வான்தான் அண்டர் ஆபிசர். இருங்க, அவனே போன் பண்றான் பாருங்க, நூறு ஆயுசு.

டேய், சொல்றா. ஆமா, பஸ்ல. கேடயத்துக்கு சொல்லிட்டியா? என்ன? அவர ஒரு வார்த்த கேக்கணுமா? எதுக்குடா? கேட்டுட்டு செஞ்சா அது சர்ப்ரைஸா? இல்லடா, கோமதி மேடம் க்ளாஸா இருந்தா என்ன, அவங்களும் பாக்கட்டும். ஒரு பீரியடு போனா குடியா முழுகிடும்? மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். இரு, மெதுவா பேசறேன், பக்கத்துல அக்கா கண் அசந்துட்டாங்க. ரெண்டு வரிசையா, ஒரு வரிசைக்கு எத்தன பேர்னு பாத்துக்கோ. பேண்டு கிடைக்குமா? டிரம்ஸ் மட்டுமாவது? டேய், கேக்குதா? லைன் விட்டு விட்டு வருது. சரி, வை. வைடா, நான் அப்புறம் கூப்பிடறேன்.

முழிச்சுட்டீங்களா? இவன் ஒருத்தன்க்கா, எதுக்கெடுத்தாலும் "அவர கேட்டீங்களாக்கா, அவர கேட்டீங்களாக்கா"ன்னு. என்ன, நீங்களும் அதத்தான் கேக்கறீங்களா? நல்லது செய்யறதுக்கு எதுக்குக்கா கேக்கணும்? இப்ப உங்க பைய நான் வாங்கி வச்சுக்கல? நீங்களா கேட்டீங்க?

என்னக்கா எட்டி எட்டி பாக்கறீங்க? என்ன போர்டு? சூளகிரியா? சூளகிரி எப்படி, அது கிருஷ்ணகிரி தாண்டில்ல... அண்ணா! கண்டக்டர் அண்ணா! கிருஷ்ணகிரி? எப்ப? கத்தினீங்களா? டோல்கேட்லயா? அய்யய்யோ, அப்ப நான் போன்ல இருந்தேனே, டிரம்ஸ் பத்தி...

அக்கா, பதறாதீங்க. நேரம் எத்தன மணிக்கு? பத்தரைக்குள்ள போட்டாகணுமா? முதல் வளையல் நீங்கதான் போடணுமா? சரி, சரி, அழாதீங்கக்கா. டிரைவர் அண்ணா, நிறுத்துங்க, ஓரமா நிறுத்துங்க! எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க, அக்காவுக்கு அவசரம், வழி விடுங்க! பை என்கிட்டயே இருக்கட்டும், உங்களால தூக்க முடியாது. இருங்க, நானும் கூட எறங்கறேன். அந்தப் பக்கம் ரோட்ட தாண்டி எதிர் பஸ்ஸ நானே கைய காட்டி நிறுத்தி, உங்கள ஏத்தி விட்டுட்டுதான் மறுவேல. வேணாமா? ஏன்க்கா வேணாங்கறீங்க? பைய இழுக்காதீங்க, வளையல் ஒடைஞ்சிடும்! விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்.